பன்னிரண்டு குழுவில வந்தால் பன்னிரண்டு மூலமோ? சின்னச் செய்தித் தளம் நடத்துறவைக்குச் சில கேள்விகள்

பனையோலை எழுதியது:

வணக்கம் அண்ணைமார், அக்காமார். நாங்கள் நாலு பேர் சேர்ந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் பக்கச் செய்திகளுக்கு ஒரு சின்னத் தளமும் முகநூல் பக்கமும் நடத்துறம். ஊடகக் கற்கை முடிச்ச ஆக்கள்தான். "ஒண்டோட ஒண்டு தொடர்பில்லாத இரண்டு மூலம் இருந்தால் பிரசுரிக்கலாம்" எண்டு படிப்பிச்சவை. ஆனால் இங்க காங்கேசன்துறை வீதியில ஒரு விபத்தெண்டால் பத்து நிமிசத்தில ஏழு வட்ஸ்அப் குழுவில வந்திடும். கால் மணித்தியாலத்தில அஞ்சு தளம் போட்டிடும். அப்ப எங்களிட்டப் பன்னிரண்டு மூலம் இருக்கெண்டு எடுக்கிறதோ?

இதோட சேர்த்து இன்னும் கொஞ்சம். வாற காணொளி உண்மையோ எண்டு பாக்கிற வழி என்ன? நீதிமன்றச் செய்தியில ஆர் ஆற்ற பெயரைப் போடலாம்? கந்தோரில "மேலிடத்தில கேளுங்கோ" எண்டு அனுப்பிவிட்டால் அடுத்தது என்ன? ஏஐ பாவிக்கிறதைப் பற்றியும் ஆராவது சொன்னால் நல்லம். "பொறுப்போட எழுதுங்கோ" எண்ட மாதிரிப் புத்திமதி நிறையக் கேட்டாச்சு. செய்முறைதான் வேணும்.

அச்சுக்கூடம் எழுதியது:

பன்னிரண்டு இல்லைப் பிள்ளை, பெரும்பாலும் ஒண்டுதான். எத்தினை பேர் சொன்னவை எண்டு எண்ணாதேங்கோ. எத்தினை பேர் கண்டவை எண்டு எண்ணுங்கோ.

செய்ய வேண்டியது இது. குழுவில போட்ட ஆளுக்கு நேரா அழைப்பெடுத்து, "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" எண்டு மட்டும் கேளுங்கோ. "என்ன நடந்தது?" எண்டு துவங்கினால் கேள்விப்பட்ட கதையையும் கண்ட மாதிரிச் சொல்லுவினம். "எப்பிடித் தெரியும்" எண்டு கேட்டால் "மச்சான் அனுப்பினவன்", "சந்திக் கடையில கதைச்சவை" எண்டு சங்கிலி வெளியில வரும். அந்த மச்சானுக்கும் எடுங்கோ. இரண்டு மூண்டு அழைப்பில ஏழு குழுவும் ஒரே ஓட்டோக்காரரிட்டப் போய் முட்டும். அவர் ஒரு மூலம். மற்றவை எல்லாம் அவற்ற எதிரொலி.

தளங்களை மடக்கிறது இன்னும் சுகம். எழுத்துப்பிழையைப் பாருங்கோ. சுன்னாகத்தை "சுண்ணாகம்" எண்டு ஒருத்தர் அடிச்சு, அஞ்சு தளத்திலயும் அதே "சுண்ணாகம்" இருந்தால், அஞ்சும் ஒரு இடத்தில வெட்டி ஒட்டினது. காற்புள்ளிக்கு முன்னால விட்ட வெற்றிடம், பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சு யூனிகோட்டுக்கு மாத்தேக்க உடைஞ்ச கொம்பு, இதெல்லாம் கைரேகை மாதிரிக் கூடவே வரும்.

அடுத்தது, ஒவ்வொரு மூலத்துக்கும் எது தெரியும், எது தெரியாது எண்டு பிரிக்க வேணும். ஆஸ்பத்திரிக்குச் சாவு தெரியும், காயம் தெரியும். ஆரில பிழை எண்டு தெரியாது. போக்குவரத்துப் பொலிஸுக்கு வாகன இலக்கமும் கைதும் தெரியும். ஆனால் அவையின்ர முதல் கதை பெரும்பாலும் கதைக்கக் கூடிய நிலையில இருக்கிற சாரதியின்ர கதை. மற்றவர் மயக்கத்தில கிடப்பார், அவருக்கு எழும்பின பிறகுதான் வேற கதை இருக்கும். கடைக்காரர் கண்ணால கண்ட சாட்சி எண்டு நினைப்பம், ஆனால் அவரும் சத்தம் கேட்டுத் திரும்பினவராத்தான் இருப்பார். "சத்தத்துக்கு முந்திக் கண்டனிங்களோ, பிந்தியோ?" எண்டு கேளுங்கோ. "பிந்தி" எண்டால் வாகனங்கள் கிடந்த கிடையை மட்டும் அவரிட்ட இருந்து எடுக்கலாம். வேகம், ஆர் எந்தப் பக்கத்தால வந்தது எண்டது எடுக்கேலாது.

சாவை ஆஸ்பத்திரி உறுதிப்படுத்த முதல் போடாதேங்கோ. பெயரை, உறவினர் சடலத்தை அடையாளம் காட்டின பிறகு. திடீர் மரண விசாரணை அதிகாரியின்ர விசாரணையில பெயர், வயது, முகவரி மூண்டும் சரியான எழுத்தில கிடைக்கும். அதுவரைக்கும் "சாரதி ஒருவர்" எண்டது போதும். ரொறன்ரோவில இருக்கிற தமையன் முகநூலில பாத்து, ஊரில இருக்கிற தாய்க்கு அழைப்பெடுத்து "என்னம்மா நடந்தது?" எண்டு கேக்கிற நிலை இங்க சர்வ சாதாரணமாப் போச்சு. அதுக்கு நாங்கள் காரணமா இருக்கத் தேவையில்லை.

"அரச மூலம் இருக்கு, இனிப் பயமில்லை" எண்டும் எடுக்கக் கூடாது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு உத்தியோகபூர்வ இறப்புக் கணக்கு 359 வரைக்கும் போச்சு. ஏப்ரல் 25 இல் சுகாதார அமைச்சு அதை ஏறத்தாழ 253 எண்டு குறைச்சது. சிதைஞ்ச உடல்கள் ஒண்டுக்கு மேற்பட்ட தடவை எண்ணப்பட்டிருந்தன. அதே நாள் பொலிஸ் வெளியிட்ட சந்தேகநபர் படங்களில ஒண்டு, சம்பவத்தோட ஒரு தொடர்பும் இல்லாத அமெரிக்க மாணவி ஒருவரின்ர படம். பிறகு திருத்தினவை, ஆனால் அதுக்குள்ள படம் உலகம் சுத்தியிட்டுது. அதனால அரச தகவலிலும் ஆர் சொன்னது, எத்தினை மணிக்குச் சொன்னது எண்ட இரண்டும் ஒவ்வொரு வசனத்திலயும் இருக்க வேணும். "காலை 10 மணி நிலவரப்படி" எண்ட நாலு சொல்லு பிறகு நிறையத் தலையிடியைக் குறைக்கும்.

முதல் இருபது நிமிசத்துக்கு மூண்டு வரி போதும்: எங்க விபத்து, வீதி மூடிக்கிடக்கோ, எந்தப் பக்கத்தால சுத்திப் போகலாம். சனத்துக்கு அந்த நேரம் தேவையானதும் அதுதான்.

வழுக்கையாறு எழுதியது:

காணொளி பற்றி நான் சொல்லுறன்.

முதல் வேலை, அனுப்பினவரிட்ட மூலக் கோப்பைக் கேக்கிறது. வட்ஸ்அப்பில படமாவோ காணொளியாவோ அனுப்பினால் அது சுருங்கும், எடுத்த நேரம், கருவி, இடம் எண்ட உள்விவரங்களும் கழண்டுபோகும். "ஆவணமா" இணைச்சு அனுப்பச் சொல்லுங்கோ, அப்ப அப்பிடியே வரும். (கைபேசியில மணிக்கூடு பிழையா இருக்கலாம், ஆகையால் அந்த நேரத்தை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது.) மூலக் கோப்பை அனுப்ப மழுப்பினால், பெரும்பாலும் ஆள் எடுத்தவர் இல்லை, வாங்கி அனுப்பினவர். அதுவும் ஒரு தகவல்தான்.

பிறகு காணொளியை மூண்டு நாலு இடத்தில நிப்பாட்டித் திரைப்பிடிப்பு எடுங்கோ. முகம் தெரியிற இடத்தை விட, பெயர்ப்பலகை, கோபுரம், பாலம் தெரியிற இடம் திறம். மேல எழுதிக்கிடக்கிற எழுத்து, ரிக்ரொக் அடையாளம் எல்லாத்தையும் வெட்டிப்போட்டு, கூகிள் லென்ஸ், யாண்டெக்ஸ், ரின்ஐ மூண்டிலயும் தேடுங்கோ. ரின்ஐயில மிகப் பழையதை முதலில காட்டச் சொல்லலாம். கணினி இருந்தால் இன்விட் எண்ட இலவச நீட்சியைக் குரோமில போட்டால் காணொளியைத் தானே துண்டு துண்டாப் பிரிச்சுத் தரும். தேடி ஒண்டும் வராட்டில் "புதுசு" எண்டு முடிவெடுக்காதேங்கோ. வட்ஸ்அப்புக்குள்ளயும் மூடின முகநூல் குழுவுக்குள்ளயும் இந்தத் தேடிகள் போகாது. இடம் வலம் மாத்திப் போட்ட காணொளியும் தேடலில மாட்டாது. அப்பிடிச் சந்தேகம் வந்தால் திருப்பிப் போட்டு இன்னொருக்காத் தேடுங்கோ.

இங்க அடிக்கடி நடக்கிறது தமிழ்நாட்டுக் காணொளி யாழ்ப்பாணத்துக் காணொளியா வாறது. தமிழ் எழுத்து, கோயில், இடப்பக்க ஓட்டம் எல்லாம் ஒண்டா இருக்கும். பனையும் சான்று இல்லை, இராமநாதபுரத்திலயும் தூத்துக்குடியிலயும் நிக்கிறது அதே பனைதான். சொல்லைப் பாருங்கோ. அங்க "காவல் நிலையம்", இங்க "பொலிஸ் நிலையம்". அங்க "மருத்துவமனை", இங்க "வைத்தியசாலை". அம்புலன்சில 108 எண்டு இருந்தால் அது தமிழ்நாடு, 1990 எண்டு இருந்தால் எங்கட சுவசெரிய. வாகன இலக்கத் தகடு அங்க மாநில எழுத்தோட துவங்கும். அரச பெயர்ப்பலகையில சிங்களமும் சேர்ந்து இருந்தால் கேள்வியே இல்லை. பின்னணியில சனம் கத்துற பேச்சையும் கேளுங்கோ, ஆனால் ஒருக்காச் சத்தத்தை நிப்பாட்டிப் படத்தை மட்டும் பாத்த பிறகு. பழைய படத்துக்குப் புதுக் குரலை ஒட்டுறது இப்ப ஒரு நிமிச வேலை.

முழுப் பொய்க் காணொளியை விடக் கஷ்டம், இடம் சரி, சம்பவம் சரி, திகதி மட்டும் பிழை எண்டு வாறது. மாரியில வெள்ளம் வந்தால் 2008 நிஷா புயல் நேரத்துப் படமும் 2024 நவம்பர்ப் படமும் இந்தக் கிழமைப் படமா வரலாம். நாவற்குழியும் நாவற்குழிதான், வெள்ளமும் வெள்ளந்தான். அப்ப என்ன செய்யிறது? இடையில மாறின பொருளைத் தேட வேணும்: புதுசாக் கட்டின மதில், நிறம் மாறின கடை, தூக்கின தேர்தல் சுவரொட்டி, தொலைபேசி நிறுவனத்தின்ர விளம்பரப் பலகை. பிறகு அந்த இடத்தில இருக்கிற கடை ஒண்டுக்கு அழைப்பெடுத்து "இப்ப உங்கட படியில தண்ணி நிக்குதோ?" எண்டு கேளுங்கோ. எந்த மென்பொருளையும் விட அது விரைவு.

வெயில் படமெண்டால் நிழல் உதவும். யாழ்ப்பாணத்தில சூரியன் உச்சிக்கு வாறது மத்தியானம் பன்னிரண்டு பத்துக்குக் கிட்ட. ஏப்ரல் நடுப்பகுதியிலயும் ஓகஸ்ட் கடைசியிலயும் தலைக்கு நேர மேல நிக்கும், நிழல் காலடியில ஒடுங்கும். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில மத்தியான நிழல் தெற்க விழும். மற்ற மாதங்களில வடக்க விழும். டிசம்பர் கடைசியில ஆறடி ஆளின்ர மத்தியான நிழல் ஏறத்தாழ நாலடி நீளத்தில வடக்க கிடக்கும். ஆக, டிசம்பர் மத்தியானம் எண்டு வந்த படத்தில நிழல் தெற்க விழுந்தால் அது டிசம்பர் இல்லை. திசையைக் கூகிள் வரைபடத்தின்ர செயற்கைக்கோள் படத்தில வீதியைப் பிடிச்சு எடுக்கலாம். சன்கல்க் எண்ட தளத்தில இடத்தையும் நாளையும் குடுத்தால் கோணத்தைக் கீறியே காட்டும்.

பனையோலை எழுதியது:

"சத்தத்துக்கு முந்தியோ பிந்தியோ" எண்டதை எழுதி ஒட்டி வைக்கிறம். நீதிமன்றப் பக்கம் ஆராவது?

புங்கமரம் எழுதியது:

நீதிமன்றச் செய்தியில் வரும் பிழைகளில் பாதிக்கு மேல் ஒரு சொல்லில் வரும் பிழை. கைதானவர் சந்தேகநபர். குற்றப்பத்திரம் வந்த பிறகு அவர் எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர். மன்று தீர்ப்பளித்த பிறகுதான் குற்றவாளி. "கொலையாளி சிக்கினான்" என்று தலைப்பிட்டால் முதற்படியில் நிற்பவரை மூன்றாம் படிக்கு ஏற்றிவிட்டீர்கள். விளக்கமறியல், அதாவது வழக்கு முடியுமுன் தடுத்து வைப்பது, சிறைத்தண்டனை அல்ல. "பிணையில் விடுவிப்பு" என்பதைச் சுருக்கி "விடுதலை" என்று போட்டால் வழக்கே முடிந்துவிட்டது என்று வாசகர் நினைப்பார். வழக்கு அப்படியே இருக்கும்.

"குற்றத்தை ஒப்புக்கொண்டார் எனப் பொலிஸார் தெரிவித்தனர்" என்ற வசனத்தைக் கண்டால் நில்லுங்கள். பொலிஸ் அலுவலருக்குக் கொடுத்த குற்ற ஒப்புதல் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி சாதாரண வழக்கில் சான்றாகாது. பயங்கரவாதத் தடைச் சட்டம் இதற்கு விலக்கு வைத்திருக்கிறது, அது வேறு கதை. மன்று எடுக்காத ஒன்றை நீங்கள் தலைப்பில் எடுத்தால் எப்படி? பொலிஸார் மன்றுக்குக் கொடுக்கும் முதல் அறிக்கையான பீ அறிக்கையில் இருப்பதும் பொலிஸாரின் கூற்றே. "மன்றில் தெரியவந்தது" என்று எழுதாமல், "பொலிஸார் மன்றுக்குத் தெரிவித்தனர்" என்று எழுதுங்கள்.

சந்தேகநபரின் படம்: அடையாள அணிவகுப்பு (வரிசையில் நிற்போருள் சந்தேகநபரைச் சாட்சி காட்டுவது) நடக்கவிருக்கும் வழக்கில் முகத்தைப் போட்டால் அணிவகுப்பே பழுதாகிவிடும். சாட்சி ஆளை அடையாளம் காட்டியது சம்பவத்தில் கண்டதை வைத்தா, முகநூலில் கண்டதை வைத்தா என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் இராது. மன்றுக்குக் கொண்டுவரும்போது முகத்தை மூடுவதற்கு வெட்கம் மட்டும் காரணம் அல்ல.

பாலியல் குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவரை அடையாளப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின் கீழ் தனிக் குற்றம். பெயரை மறைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். ஒரு தளம் ஊரைப் போடும். இன்னொன்று "தரம் 9 மாணவி" என்று போடும். மூன்றாவது "தந்தை கடற்றொழிலாளி, சந்தேகநபர் சிறிய தந்தை" என்று போடும். மூன்றையும் சேர்த்துப் படிக்கும் அயலுக்கு வீட்டு இலக்கம் வரை தெரிந்துவிடும். முந்நூறு குடும்பம் உள்ள ஊரில் உறவுமுறை ஒன்றே பெயருக்குச் சமம். ஆகவே இப்படிப்பட்ட செய்தியில் பொலிஸ் பிரிவுக்குக் கீழே இறங்காதீர்கள். சந்தேகநபர் உறவினர் என்றால் சந்தேகநபரின் பெயரையும் விட்டுவிடுங்கள், ஏனென்றால் அவரை வைத்துப் பிள்ளையைக் கண்டுபிடிப்பார்கள். மற்றத் தளங்கள் எதைப் போட்டிருக்கின்றன என்று பார்த்த பிறகே உங்கள் வரியை எழுதுங்கள்.

தன்னுயிர் மாய்ப்புச் செய்தி நீதிமன்றச் செய்தி அல்ல என்றாலும் சேர்த்துச் சொல்கிறேன். நம் பத்திரிகைகளில் "தவறான முடிவெடுத்து" என்று ஒரு தேய்ந்த தொடர் இருக்கிறது. அது இறந்தவர் மேல் தீர்ப்புச் சொல்கிறது, ஆனால் அதன் அடுத்த வரியிலேயே முறையும் இடமும் விவரமாக வந்துவிடும். மறைக்க வேண்டியதைச் சொல்லி, சொல்லத் தேவையற்றதைச் சேர்ப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் நேர்மாறானது: முறையை எழுதாதே, தலைப்பில் வைக்காதே, "பரீட்சைத் தோல்வியால்" என்று ஒற்றைக் காரணம் கட்டாதே, உதவி எங்கே கிடைக்கும் என்று எழுது. இங்கே 1926 என்ற இலக்கம் தேசிய மனநல உதவி அழைப்பு. அதைச் செய்தியின் நடுவில் வையுங்கள், கடைசி வரி வரை எல்லோரும் வருவதில்லை.

அவதூறைப் பற்றி ஒரு வார்த்தை. குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டது, நட்டஈட்டு வழக்கு இருக்கிறது. இணையத்தில் எழுதுவோருக்கு 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. "பொய்யான கூற்று" என்பதை மையமாக வைத்த சட்டம் அது. நீங்கள் எதை நம்பி எழுதினீர்கள் என்ற குறிப்புகள், அழைத்த நேரம், பதிவுகள் எல்லாம் திகதி போட்ட ஒரு கோப்பில் இருக்கட்டும்.

கச்சேரியடி எழுதியது:

"மேலிடத்தில் கேளுங்கோ" என்பதற்கு மருந்து தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. பலர் ஒருமுறை போட்டு, பதில் வரவில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள். பிழை பெரும்பாலும் கேள்வியில் இருக்கும்.

"இந்த வீதி ஏன் ஆறு மாதத்தில் பழுதானது?" என்று கேட்டால் தகவல் அலுவலர் ஒன்றும் தரத் தேவையில்லை. அது விளக்கம் கேட்பது, அவரிடம் இருப்பது கோப்பு. ஆகவே கோப்பைக் கேளுங்கள். ஒரு பிரதேச சபை வீதி என்றால்: வேலை மதிப்பீடு, கேள்விப்பத்திரங்களின் (ரெண்டர்) ஒப்பீட்டு அட்டவணை, ஒப்பந்த உடன்படிக்கை, வேலை அளவிட்ட புத்தகத்தின் பக்கங்கள், கொடுப்பனவு வவுச்சர்கள், தார் மற்றும் கல்லின் பரிசோதனை அறிக்கை, பராமரிப்புக் காலம் முடியும் வரை பிடித்து வைத்த பணம் விடுவிக்கப்பட்ட திகதி. வீதியின் பெயர், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எந்த ஆண்டு என்பதையும் எழுதுங்கள். மதிப்பீட்டில் உள்ள தடிப்பையும் அளவுப் புத்தகத்தில் உள்ள தடிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே செய்தி தானாக எழும்பும்.

விண்ணப்பத்தைத் தனிநபர் பெயரில் போடுங்கள், தளத்தின் பெயரில் அல்ல. உரிமை இலங்கைப் பிரஜைக்கு. வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ள புலம்பெயர்ந்த அன்பர் பெயரில் போட்டால் அந்த ஒரு காரணத்தாலேயே திரும்பும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் வேண்டாம். கொடுத்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள், நாள் எண்ணுவது அதிலிருந்துதான்.

14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். வேலை நாள் என்பதைக் கவனியுங்கள், போயாவும் பொங்கலும் கழியும். தேவையானால் தகவலைக் கொடுக்கும் காலத்தை மேலும் 21 நாள் வரை நீடிக்கலாம், அதற்கும் காரணம் சொல்ல வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. பலர் கோட்டை விடுவது நடுவில் உள்ள அந்த 14 நாளை. முழுவதும் ஓட மூன்று மாதத்துக்கு மேல் எடுக்கலாம், ஆகவே மாரிக்கு முன் வாய்க்கால் துப்புரவுச் செலவு வேண்டுமென்றால் ஆடியிலேயே போட்டுவிட வேண்டும்.

கோப்பு வந்த பிறகு எண்ணில் சறுக்காதீர்கள். அரச ஆவணம் மில்லியனில் பேசும், வாசகர் இலட்சத்தில் யோசிப்பார். 1 மில்லியன் 10 இலட்சம், 0.75 மில்லியன் ஏழரை இலட்சம். 3.5 மில்லியனை "மூன்றரை இலட்சம்" என்று போட்டால் ஒப்பந்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு காணாமல் போகிறது. சித்தி வீதம் 40 இலிருந்து 50 ஆனால் அது 10 சதவீதப் புள்ளி உயர்வு. "10 சதவீதம் உயர்ந்தது" என்று எழுதினால் பிழை, விகிதமாகச் சொன்னால் 25 சதவீதம்.

வெள்ள நேரத்தில் மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவின் அறிக்கை பிரதேச செயலர் பிரிவு வாரியாக வரும். யாழ். மாவட்டத்தில் அப்படி 15 பிரிவு, அவற்றுள் 435 கிராம அலுவலர் பிரிவு. அட்டவணையில் "குடும்பங்கள்" ஒரு நிரல், "அங்கத்தவர்கள்" பக்கத்து நிரல், அவசரத்தில் ஒன்றை மற்றதாக வாசிப்பார்கள். இன்னொன்று, அது அந்த நேரம் வரையான மொத்தம். நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணைக் கூட்டினால் அதே குடும்பம் இரண்டு முறை வெள்ளத்தில் போகும்.

முனைக்காற்று எழுதியது:

ஏஐ கேட்டனிங்கள். சுருக்கமா.

ஒலிப்பதிவை எழுத்தாக்க ஓரளவுக்கு உதவும். ஆனால் எங்கட பேச்சில தடுமாறும். "வெளிக்கிட்டவர்" எண்டால் "வெளியே கிட்ட அவர்" எண்டு வரும், சிரிச்சிட்டுத் திருத்தலாம். "காசு தரேல்லை" எண்டதில அந்த "ஏல்லை" விழுந்தால் சிரிக்கேலாது. ஆள் சொன்னதுக்கு நேரெதிரா மேற்கோள் வரும். பேச்சு நிக்கிற இடத்தில, சொல்லாத வசனத்தைத் தானே இட்டு நிரப்பவும் செய்யும். ஆகையால் மேற்கோள் குறிக்குள்ள போற ஒவ்வொரு வசனத்தையும் காதால இன்னொருக்காக் கேட்டு, பதிவில எத்தினையாம் நிமிசம் எண்டு குறிச்சு வையுங்கோ.

சிங்களத்தில வாற பொலிஸ் அறிக்கையை மொழிபெயர்க்க விட்டால் பதவிகளில கவனம். "திஸாபதி" எண்டது எங்கட அரசாங்க அதிபர், அதை ஆளின்ர பெயரா எடுத்துவிடும். "யாபனய" யாழ்ப்பாணம், "மடகலபுவ" மட்டக்களப்பு. இடப்பெயர், ஆள் பெயர், திகதி, தொகை நாலையும் சிங்களம் வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரிட்டக் காட்டாமல் போடாதேங்கோ.

குற்றச் செய்திக்கு ஏஐ படம் வேண்டவே வேண்டாம். மற்றதுக்குப் போட்டாலும் "சித்திரிப்பு" எண்டதைப் படத்துக்கு மேலயே எழுதுங்கோ. கீழ விளக்கத்தில எழுதினால் பகிரேக்க விளக்கம் கழண்டு படம் மட்டும் போகும்.

அச்சுக்கூடம் அண்ணையோட ஒரு இடத்தில ஒத்துப்போகேலாது. மூண்டு வரி மட்டும் போட்டிட்டு இருந்தால் சின்னத் தளத்துக்குப் பார்வை விழாது, பார்வை இல்லாட்டில் விளம்பரமும் இல்லை. அதையும் சொல்ல வேணும்.

அச்சுக்கூடம் எழுதியது:

முனைக்காற்று சொல்லுறது நியாயந்தான். ஆனால் முந்திப் போடுற பந்தயத்தில நாலு பேர் இருக்கிற தளம் எப்பிடியும் தோக்கும், ஒற்றைக் கைபேசியோட நிக்கிற ஆள்தான் வெல்லுவார். உங்களுக்கு விளம்பரம் தரக்கூடிய உள்ளூர்க் கடையும் ரியூசன் நிலையமும் மரண அறிவித்தல் போடுற குடும்பமும் பாக்கிறது வேற. கச்சேரியடி சொன்ன வாய்க்கால் கணக்கு மாதிரி, வேற ஆரிட்டயும் இல்லாத ஒண்டைக் கிழமைக்கு ஒண்டு போடுங்கோ. விளம்பரமும் செய்தியும் ஒரே ஆள் கையில இருக்க விடாதேங்கோ, நாலு பேரில ஒருத்தர் காசு விசயத்தை மட்டும் பாக்கட்டும். காசு வாங்கிப் போடுற கட்டுரைக்கு "விளம்பரம்" எண்டு தலைப்புக்கு மேல போட வேணும்.

கோப்பு தந்த ஆளைக் காக்கிறது பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. "பெயர் போடமாட்டம்" எண்டு சொல்லுறது முதல் படி மட்டுந்தான். ஒரு கந்தோரில அந்தக் கோப்பு மூண்டு பேர் கையால போயிருந்தால், நீங்கள் கோப்பின்ர படத்தைப் போட்ட அண்டைக்கே ஆர் எண்டு தெரிஞ்சிடும். படத்தில தெரியிற பேனைக் குறி, மடிப்பு, கிளிப் துளை, புகைப்படப் பிரதி இயந்திரம் விட்ட கோடு எல்லாம் அந்த ஒரு பிரதியைக் காட்டிக் குடுக்கும். படத்தைப் போடாதேங்கோ, தேவையான வரியை நீங்களே திருப்பி அடியுங்கோ. ஏலுமெண்டால் அதே ஆவணத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில கேட்டு எடுத்து, அந்தப் பிரதியை வைச்சு எழுதுங்கோ. அந்த ஆளின்ர இலக்கத்தைச் சொந்தப் பெயரில கைபேசியில பதிஞ்சு வைக்க வேண்டாம். சிக்னல் செயலியில தானா அழியிற நேரத்தைப் போட்டுக் கதையுங்கோ. வெளியில் உள்ள ஏஐ எதுக்குள்ளயும் அந்தக் கோப்பை ஏத்த வேண்டாம். 2000 ஒக்ரோபர் 19 இரவு ஊடகவியலாளர் நிமலராஜன் தன்ர வீட்டிலேயே கொல்லப்பட்ட ஊர் இது. 2006 மே 2 உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள்ள இரண்டு பணியாளர் கொல்லப்பட்ட ஊர். இங்க தகவல் தாறவர் எவ்வளவு யோசிச்சுத் தாறார் எண்டது உங்களுக்கு விளங்க வேணும்.

கடைசியாத் திருத்தம். பிழை விட்டால் பதிவைச் சத்தமில்லாமல் அழிக்கிறதுதான் இப்ப வழக்கம். அழிச்சால் திரைப்பிடிப்பு மட்டும் மிஞ்சும், திருத்தம் எங்கயும் இராது. பழைய பதிவை வைச்சு, முதல் வரியிலயே திருத்தத்தை எழுதுங்கோ, நேரத்தையும் போடுங்கோ. பிறகு அதைப் புதுப் பதிவாவும் போட்டு மேல குத்தி வையுங்கோ. வட்ஸ்அப்பில அனுப்பின செய்தியைத் திருத்த 15 நிமிசந்தான் விடும். அதுக்குப் பிறகு எந்தெந்தக் குழுவுக்கு அனுப்பினீங்களோ அந்தந்தக் குழுவுக்கே திருத்தத்தையும் அனுப்ப வேணும், ஆகையால் அனுப்பின இடங்களை ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ. திருத்தத்தின்ர தலைப்பில பழைய பிழையைத் திருப்பிச் சொல்லாதேங்கோ. "மூவர் பலி எண்டது பிழை" எண்டு எழுதினால் சனத்தின்ர தலையில நிக்கிறது "மூவர் பலி".

இந்த மாதிரி எழுதலாம்: "திருத்தம், மாலை 4.20. மல்லாகம் விபத்தில் காயமடைந்த இருவரும் சிகிச்சை பெற்று வருகின்றனர் என வைத்தியசாலை உறுதிப்படுத்தியுள்ளது. பிற்பகல் 2.05 இற்கு நாம் வெளியிட்ட செய்தியில் இறப்புப் பற்றி இருந்த தகவல் பிழையானது. வைத்தியசாலையிடம் கேட்காமல் அதை வெளியிட்டோம். குடும்பத்தினரிடம் மன்னிப்புக் கேட்கிறோம்."

பனையோலை எழுதியது:

நன்றி எல்லாருக்கும். கொப்பி இண்டைக்கே வாங்குறம். கச்சேரியடி அண்ணை, குறித்தளிக்கப்பட்ட அலுவலர் ஆர் எண்டதை அந்தந்தக் கந்தோரிலயே கேக்கிறதோ?

கச்சேரியடி எழுதியது:

ஓம். தகவல் அலுவலர், குறித்தளிக்கப்பட்ட அலுவலர் இருவரின் விவரமும் கட்டணமும் கந்தோரில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் போட்டிருக்க வேண்டும். பலகை இல்லையென்றால் உங்கள் முதல் விண்ணப்பத்தின் முதல் கேள்வி அதுவாகவே இருக்கட்டும்.